காம்போஸ் சட்டையில் 9 என்று இருந்தால் போலியா?

மெக்சிகோ கோல்கீப்பர் ஹோர்ஹே காம்போஸின் 1994 உலகக் கோப்பைச் சட்டை என்று ஒருவர் விற்கிறார், முதுகில் 9 இருக்கிறது, தொளதொளவென்றும் இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தொளதொளப்பை விட்டுத் தள்ளுங்கள். காம்போஸின் உயரமே 1.68 மீட்டர்தான், அவர் மேலேயும் அது அப்படித்தான் தொங்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ரோஜா, பச்சை என்று அடுக்கிய முக்கோணங்களும் அவர் ஆசைப்பட்டு வரைந்தவைதான். அகாபுல்கோ கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடி வளர்ந்தவர், வேறு எப்படி வரைவார்!

எனக்கு உதைப்பது அந்த 9தான். அந்த உலகக் கோப்பையில் காம்போஸ் போட்டது 1. மெக்சிகோவின் 9 ஹியூகோ சான்செஸிடம் இருந்தது. கிளப் ஆட்டங்களில் காம்போஸ் 9 போட்டதுண்டு. பூமாஸ் அணியில் முன்கள வீரராகவும் இறங்கிக் கோல் அடித்தவர் ஆயிற்றே. அதனால் 9 என்றாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மெக்சிகோ சின்னமும் 9ம் ஒரே சட்டையில் இருந்து, அதை 1994 உலகக் கோப்பை என்று விற்றால் நம்பாதீர்கள். யாரோ பின்னால் எண்ணை ஒட்டியிருக்கலாம்.

சின்னம், கழுத்துப் பட்டியின் உள்பக்கம், எண்ணின் ஓரம் மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஆண்டு மெக்சிகோவுக்குச் சட்டை தைத்தது அம்ப்ரோ. வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அப்புறம், படம் வரும்வரை முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.