ஜூனியர் பெண்கள் கிராஸ் கன்ட்ரி: கேள்விகளும் என் பதில்களும்

கிராஸ் கன்ட்ரி என்றால் டிராக்கை விட்டு, புல்லும் மேடுபள்ளமுமான வெளியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம். அதன் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜூனியர் பெண்கள் ஓட்டத்தைப் பற்றி ஏகப்பட்ட கேள்விகள் வந்திருக்கின்றன. ஓடியவள் என்ற முறையிலும், இப்போது பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஆறு கிலோமீட்டர்தானே? டிராக்கில் ஓடுவதுபோல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடினால் போதாதா?

போதாது தங்கச்சி. டிராக் சமதளம். இங்கே புல், சேறு, ஏற்றம், இறக்கம், சில இடங்களில் தண்ணீர்கூட இருக்கும். ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்த்து வேகத்தைப் பிடித்துவைத்தால் உச்சியிலேயே மூச்சு முட்டிவிடும். ஏற்றத்தில் உழைப்பை ஒரே அளவில் வைத்துக்கொள், வேகம் குறைந்தால் குறையட்டும். உச்சியைத் தாண்டிய அடுத்த இருபது அடியில்தான் பலரும் மூச்சு வாங்கத் தளர்வார்கள். நீ தளராமல் போனால் அங்கேயே நாலு பேரைத் தாண்டலாம்.

தொடக்கமும் வேறு மாதிரி. ஒவ்வொரு நாட்டு அணிக்கும் தொடக்கக் கோட்டில் ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பார்கள். துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். முழங்கை இடிக்கும், பின்னால் வருபவளின் ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஷூ, உன் குதிகாலைக் கீறும், முன்னால் ஓடுபவள் கிளப்பும் சேறு கண்ணில் அடிக்கும். பாதை குறுகும் முதல் வளைவுக்குள் நடுக்கூட்டத்துக்கு முன்னால் இடம் பிடித்துவிட வேண்டும். பிடிக்கத் தவறினால் அடுத்த ஒரு கிலோமீட்டர் முழுக்க முதுகுகளைப் பார்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

அணிப் பரிசை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? முதலிடம் வந்த பெண்ணின் நாட்டுக்கே அணித் தங்கம் கிடைக்காமல் போனதைப் பார்த்தேன், புரியவில்லை.

இந்த ஓட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஒரு நாட்டுக்கு ஆறு பேர் ஓடலாம். அவர்களில் முன்னால் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணி வெல்லும்.

ஓர் அணியின் நால்வர் 1, 2, 14, 15 ஆகிய இடங்களில் வந்தால் மொத்தம் 32. இன்னோர் அணி 5, 6, 8, 9 என்று வந்தால் 28. தங்கமும் வெள்ளியும் முதல் அணிப் பெண்கள் கழுத்தில், ஆனால் அணித் தங்கம் ஒரு தனிப் பதக்கம்கூட வாங்காத இரண்டாவது அணிக்கு. தொகை சமமாக இருந்தால் எந்த அணியின் நான்காவது பெண் முன்னால் வந்தாளோ அந்த அணி மேலே போகும். அதனால்தான் முப்பதாவது இடத்துக்கும் முப்பத்தோராவது இடத்துக்கும் நடுவே இரண்டு பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மோதுகிறார்கள். தொலைக்காட்சி கேமரா அந்த நேரம் முதலில் வந்தவளைத்தான் காட்டும். எனக்கு அது பெரிய வருத்தம்.

எந்த வயதுவரை ஜூனியர்?

போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 20 வயது ஆகியிருக்கக் கூடாது. குறைந்தது 16 ஆகியிருக்க வேண்டும். முன்பு இந்தக் கீழ் வரம்பு இல்லை. 1991-இல் ஆன்ட்வெர்ப்பில் வென்ற கென்யாவின் லிடியா செரோமெய்க்கு அப்போது வயது 13! அந்தச் சாதனை இனி திரும்பாது. திரும்பாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பதின்மூன்று வயது எலும்புக்கு உலகப் போட்டியின் பயிற்சிச் சுமை அதிகம்.

இதில் வென்றவர்கள் பிறகு பெரிய அளவில் வந்திருக்கிறார்களா, இல்லை சின்ன வயதிலேயே தேய்ந்துவிடுகிறார்களா?

இரண்டும் நடக்கிறது. ஆனால் வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் திருனேஷ் டிபாபா 2001-இல் ஐந்தாவது, 2002-இல் இரண்டாவது, 2003-இல் முதலிடம். அதே ஆண்டு பாரிஸில் 5000 மீட்டர் உலகச் சாம்பியன். தங்கை கென்செபே 2008, 2009 இரண்டிலும் வென்றார். லெடெசென்பெட் கிடே 2015, 2017 என்று இரண்டு முறை வென்று, பிறகு 5000, 10000 மீட்டர், அரை மாரத்தான் மூன்றிலும் உலக சாதனை படைத்தார்.

2019-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் நடந்ததை மறக்கவே முடியாது. அங்கே பாதை ஓர் அருங்காட்சியகத்தின் சரிந்த புல்கூரை மேலேயே ஏறிப் போனது. ஜூனியர் பெண்கள் ஓட்டத்தின் முடிவில் மூன்று பேர் ஒரே நொடியில் கோட்டுக்கு வந்தார்கள்: கென்யாவின் பியட்ரிஸ் செபெட், எத்தியோப்பியாவின் அலெமிடு டரிகு, ட்ஸிகே கெப்ரெசெலாமா. தங்கம் செபெட்டுக்கு. மயிரிழை வித்தியாசம் என்பார்களே, அதுதான். 2024-இல் அவர் 10000 மீட்டரை 28:54.14-இல் ஓடி, 29 நிமிடத்துக்குள் முடித்த முதல் பெண் ஆனார்.

ஏன் எப்போதும் கென்யாவும் எத்தியோப்பியாவும்தான்?

இந்த ஓட்டம் தொடங்கிய 1989 முதல் சில ஆண்டுகள் அப்படி இல்லை. 1995-இல் ஃபின்லாந்தின் அன்னேமாரி சான்டெல் வென்றார். 1996 முதல் 2024 வரை அந்த இரண்டு நாடுகளைத் தவிர வேறு யாரும் வெல்லவில்லை. கென்யாவில் ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் இடென் என்ற ஊர் சுமார் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய காற்றில் பிறந்து வளர்ந்த உடல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உள்நாட்டுத் தேர்வுப் போட்டி என்பேன். அங்கே முதல் ஆறுக்குள் வருவதே உலகப் போட்டிக்குச் சமம்.

என் மகளுக்கு 17 வயது. பயிற்சி கூடியதிலிருந்து மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கடுமையாக ஓடினால் அப்படித்தான், நல்ல அறிகுறி என்கிறார் கோச். சரியா?

இல்லை அம்மா, சரியே இல்லை. இந்தப் பேச்சை நானும் அந்த வயதில் கேட்டிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது, உடல் முதலில் நிறுத்துபவற்றில் ஒன்று மாதவிலக்கு. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், எலும்பு பலமிழக்கும். இந்த வயது எலும்பு சேர்த்துவைக்க வேண்டிய வயது. இப்போது விட்டதைப் பின்னால் முழுதாகப் பிடிக்க முடியாது.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பிலோ பாதத்திலோ ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் வலி இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். இருந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும், அது எலும்பில் விழும் கீறலாக இருக்கலாம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அவரிடமிருந்து பிள்ளையைத் தள்ளிவையுங்கள்.

சேற்றுக்கு என்ன ஸ்பைக்ஸ்?

காய்ந்த புல்லுக்கு 9 மில்லிமீட்டர் ஆணி, நல்ல சேற்றுக்கு 15. முந்தின நாள் பாதையை நடந்து பார்த்துவிட்டு முடிவு செய். லேஸை இரட்டை முடிச்சு போட்டு நுனியை உள்ளே செருகு. ஒரு போட்டியில் என் இடது ஷூ சேற்றோடு போய்விட்டது. மீதி இரண்டு கிலோமீட்டர் ஒரு காலில் ஷூ, மறுகாலில் வெறும் சாக்ஸோடு ஓடினேன்.

போன பந்தயத்தில் அறுபத்திரண்டாவது வந்தேன் அக்கா. இன்னும் இரண்டு வருடம் ஜூனியரில் இருக்கிறது. தொடரலாமா?

தொடரு. பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 1991-இல் இதே ஜூனியர் ஓட்டத்தில் பதினைந்தாவது. அடுத்த ஆண்டு பாஸ்டன் பனியில் முதலிடம். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகோன் 2010-இல் போலந்தின் பிட்கோஷில் 16 வயதில் வெறுங்காலோடு ஓடி நான்காவது வந்தார். 2013-இல் அதே ஊருக்குத் திரும்பிப் போய் தங்கம் வாங்கினார்.

இந்தப் பருவத்தில் வாரம் ஒரு நாள் ஏற்றத்தில் ஓடு. எண்பது நொடி மேலே, மெதுவாக நடந்து கீழே, ஆறு முறை போதும். உச்சி வந்ததும் நிற்காமல் இன்னும் இருபது அடி ஓடிவிட்டு நில். அடுத்த பந்தயம் முடிந்ததும் எத்தனையாவது வந்தாய் என்று எனக்கு எழுது.