மருத்துவர் பதில்: குடலைக் கழுவி நச்சை வெளியேற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. நாலைந்து மாதமாக ஒரே சோர்வு. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது, மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது. என்னுடன் வேலை பார்க்கும் தோழி 10 நாள் டீடாக்ஸ் டயட் இருந்து 3 கிலோ குறைந்தாள், முகமும் தெளிவாகிவிட்டது. பெருங்குடலில் பழைய கழிவு கிலோ கணக்கில் ஒட்டியிருக்கும், வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழுவி எடுத்தால்தான் இரத்தத்தில் நச்சு சேராது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இரத்த சோகை இருப்பதால் இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. கொஞ்ச நாளாக மலம் கறுப்பாகப் போகிறது. அந்தப் பழைய கழிவுதான் தானாக வெளியேறுகிறதா? நானும் குடல் சுத்தம் செய்துகொள்ளலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் ஆபத்திலும் கொண்டுபோய் விடலாம். ஆனால் இதை மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரத்த சோகையும் கறுப்பு மலமும்தான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகின்றன. அதற்கு வருகிறேன். முதலில் அந்த ஒட்டியிருக்கும் கழிவைப் பார்த்துவிடுவோம்.

நான் குடல் மருத்துவர். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை முழுக்கப் பார்ப்பது என் அன்றாட வேலை. பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதல் நாள் இரவும் அன்று காலையும் மருந்து குடித்து வயிற்றைக் காலி செய்துகொண்டு வருவார்கள், பத்து வருடமாக மலச்சிக்கல் என்று சொல்கிறவர்களும் அதில் இருப்பார்கள். திரையில் தெரிவது, உதட்டின் உட்பக்கத்தைப் போல ஈரமாகப் பளபளக்கும் இளஞ்சிவப்புச் சுவர், அதனுள்ளே கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள். காரையாகப் படிந்து கிடக்கும் பழைய கழிவை நான் ஒருவரிடமும் பார்த்ததில்லை. படிய வழியும் இல்லை. குடலின் உள்சுவர்ச் செல்கள் 3 முதல் 5 நாளுக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடுகின்றன, மேலே வழுவழுப்பான சளிப்படலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது, இப்படித் தன்னையே உரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் சுவரில் எது வருடக்கணக்கில் ஒட்டியிருக்கும்? முதியவர்களுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மலம் இறுகிக் கல் போல அடைத்துக்கொள்வது உண்டு. ஆனால் அது வலியோடும் வயிற்று உப்புசத்தோடும் வரும் ஒரு நோய்நிலை, அதற்கு முறையான சிகிச்சை இருக்கிறது.

அப்படியானால் கயிறு போலவும் ரப்பர் போலவும் நீளமாக வெளியே வந்ததாகப் படம் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். என்னிடமும் ஃபோனில் கொண்டுவந்து காட்டுகிறார்கள். குடல் சுத்தப் பொடிகள் பலவற்றில் இசப்கோல் உமியும் பென்டோனைட் என்ற களிமண்ணும் இருக்கும். இரண்டும் தண்ணீர் பட்டால் ஊறிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகிவிடும், குடலுக்குள் அதன் வடிவத்துக்கே வார்த்தது போல உருண்டு வெளியே வரும். நீங்கள் பார்ப்பது நேற்று விழுங்கிய பொடிதான்.

இதே மாதிரிதான் கல்லீரல் சுத்தமும். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு என்று ஒரு ராத்திரி குடிக்கச் சொல்வார்கள். ஒரு பெண்மணி அப்படிக் குடித்துவிட்டு, மறுநாள் வெளியே வந்த பச்சை உருண்டைகளை ஒரு சின்னப் புட்டியில் போட்டு என் மேஜை மேல் வைத்தார். பட்டாணி அளவில் இருபதுக்கு மேல் இருந்தன. பித்தப்பைக் கல் எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி ஆபரேஷன் வேண்டாம் அல்லவா என்று கேட்டார். கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்து அழுத்தினேன், மெழுகு போல நசுங்கிவிட்டது. பித்தப்பைக் கல் அப்படி நசுங்காது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் வயிற்றுக்குள் செரிமான நொதிகளோடு சேர்ந்து உண்டாக்கிய ஒருவகை சோப்பு அது, 2005இல் லான்செட் மருத்துவ இதழிலும் இதே போன்ற உருண்டைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், அவருடைய கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. வலியைப் பொறுத்துக்கொண்டு எத்தனையோ மாதம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார், எனக்கு அன்று மனசு கேட்கவே இல்லை.

குடலில் தேங்கும் மலம் இரத்தத்தில் நச்சைக் கலக்கிறது என்பதை ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது மருத்துவக் கொள்கையாகவே இருந்தது. 1908இல் நோபல் பரிசு பெற்ற எலி மெச்னிகாஃப் பெருங்குடல் கிருமிகளின் நச்சால்தான் நமக்கு ஆயுள் குறைகிறது என்று நினைத்தார். லண்டனில் அர்பத்நாட் லேன் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். 1919இல் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எளிமையான ஒரு கேள்வி கேட்டார். நச்சு இரத்தத்தில் கலந்துதான் தலைவலியும் மந்தமும் வருகிறது என்றால், மலம் கழித்த சில நிமிடங்களிலேயே அவை எப்படி மறைகின்றன? இரத்தத்தில் இருப்பது அவ்வளவு சீக்கிரம் போய்விடாதே. பிறகு 1922இல் ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள், அதே தலைவலி, அதே மந்தம், அதே எரிச்சல் வந்தது. பஞ்சில் ஏது நச்சு? மலக்குடல் புடைத்து நிற்கும்போது நரம்புகள் மூளைக்கு அனுப்பும் செய்திதான் அது.

குடல் கழுவியதும் உடம்பு லேசாக இருக்கிறது என்று பலரும் சொல்வது பொய்யில்லை. புடைப்பு போனால் அப்படித்தான் இருக்கும், ஒழுங்காக ஒரு தடவை மலம் கழித்தாலும் அதே லேசு கிடைக்கும். தோழி குறைந்த 3 கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான். நம் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன, ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டு மூன்று நாளில் அது கரைந்து எடை இறங்கும், பழையபடி சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். முகம் தெளிவானதையும் நான் நம்புகிறேன். அந்தப் பத்து நாளும் இனிப்பு, பொரித்தது, பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பார், தண்ணீர் நிறையக் குடித்து நேரத்துக்குத் தூங்கியிருப்பார். இதற்குக் குடலில் குழாய் விடவேண்டியதில்லையே.

நச்சு, நச்சு என்று சொல்கிறார்களே, அது எந்த நச்சு என்று அந்த இடத்தில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவத்தில் நச்சுக்குப் பெயர் உண்டு, அளவும் உண்டு. ஈயம் இரத்தத்தில் ஏறியிருந்தால் அளந்து பார்த்து மருந்து கொடுத்து அளவு இறங்கியதா என்று மறுபடி அளக்கிறோம். பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. டீடாக்ஸ் டயட்டுகளில் இப்படி முன்னும் பின்னும் எதையும் அளந்து காட்டுவதில்லை. அன்றாடக் கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. கல்லீரல் வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் ஓடுகிறது, புரதத்திலிருந்து உண்டாகும் அமோனியாவை அது யூரியாவாக மாற்றி அனுப்ப, ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டும் சிறுநீரகம் அதை வெளியே தள்ளுகிறது. இந்த உறுப்புகள் உண்மையிலேயே பழுதானால் ஜூஸ் குடித்துச் சரிக்கட்ட முடியாது, அப்போது டயாலிசிஸ் மாதிரியான சிகிச்சைதான்.

பெருங்குடலில் தங்குவதெல்லாம் குப்பையும் இல்லை. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பெரும்பகுதி பெருங்குடலில்தான். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற ஒரு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன, பெருங்குடலின் சுவர்ச் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். பல லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டு அலசுவது என்றால் இந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் கலைக்கிறோம்.

சரி, செய்தால் என்ன ஆகும்? பலருக்குக் குமட்டல், வயிற்றுப் பிடிப்பு, தலைசுற்றலோடு போய்விடும். சிலருக்கு அப்படி முடிவதில்லை. குழாய் குத்திக் குடலில் ஓட்டை விழுந்தவர்கள் உண்டு, சோடியமும் பொட்டாசியமும் தாறுமாறாகி இதயத் துடிப்பு பிசகியவர்கள் உண்டு. 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு சிகிச்சை இடத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் குடலைக் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று வந்தது, 10 பேருக்குக் குடலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று, அவர்களில் 6 பேர் இறந்துபோனார்கள். நலமாக இருக்க வேண்டும் என்று போனவர்கள் அவர்கள். அப்புறம், டீடாக்ஸ் டீ என்று வருவதில் பெரும்பாலும் சென்னா என்ற மலமிளக்கி இலை இருக்கும், மாதக்கணக்கில் குடித்தவர்களின் குடல் சுவரில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் படிவதைக் கேமராவில் பார்க்கிறோம், நிறுத்தினால் மெதுவாக மாறிவிடும்.

உங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரித்து உப்பை வெளியேற்றும் வகை. அதோடு பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் சட்டென்று இறங்கும், பிரஷரும் விழும். சோடியம் பாஸ்பேட் கலந்த குடல் சுத்த மருந்து, பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிலருடைய சிறுநீரகத்தை நிரந்தரமாகவே கெடுத்திருக்கிறது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் இந்த ஜூஸ் விரதங்களில் தாமாக இறங்கக் கூடாது.

இப்போது நீங்கள் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது சகஜம், உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. உங்களுக்கும் பெரும்பாலும் அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மலம் தார் போலப் பிசுபிசுத்து, பளபளப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போனால் அது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் இரத்தமாக இருக்கலாம், குறிப்பாக மூட்டு வலி, தலைவலி என்று வலி மாத்திரைகள் அடிக்கடி போடுகிறவராக இருந்தால். அப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

மாத்திரை கொடுத்தார்கள், சரி. இரத்தம் ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தார்களா? மாதவிடாயில் அதிகம் போகிறதா, மூலத்தில் போகிறதா, குடலில் எங்காவது புண்ணோ கட்டியோ இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இன்னொன்று, சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஒரே இரத்தப் பரிசோதனை போதும். இதையெல்லாம் விட்டுவிட்டு நீங்கள் 10 நாள் டீடாக்ஸ் இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக உணர்ந்திருப்பீர்கள், காரணம் உள்ளேயே இருந்திருக்கும், இன்னும் நாலு மாதம் போயிருக்கும். குடல் சுத்தத்தில் என்னைக் கவலைப்பட வைப்பதே இப்படிப் போகும் மாதங்கள்தான்.

மலச்சிக்கலுக்கும் காரணம் உங்கள் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கலாம். இரும்பு மாத்திரை இறுக்கும், பிரஷர் மாத்திரைகளில் சிலவும் இறுக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாம், வகையை மாற்றலாம். நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எதுவும் இயல்புதான், முக்காமல் வலிக்காமல் போனால் தினமும் போயே ஆக வேண்டும் என்று கவலைப்படத் தேவையில்லை. உங்களுக்குப் புதிதாக மாறியிருப்பதால்தான் கேட்கிறேன். நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும், காய், பழம், பயறு, தவிடு நீக்காத தானியம் என்று வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். காலையில் சாப்பிட்ட அரை மணிக்குள் குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தி உட்காருங்கள், பாதை நேராகும். இவ்வளவு செய்தும் சரிவரவில்லை என்றால் பாதுகாப்பான மலமிளக்கிகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார்.

மலத்தில் சிவப்பாக இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இவற்றில் எதுவாவது இருந்தால் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள், கேமராப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.

இந்த வாரமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது), டி.எஸ்.எச். (நான் சொன்ன தைராய்டு பரிசோதனை) மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் அதை டாக்டரிடம் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயரையும் ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு என்ன என்று பார்க்கலாம்.