ஆபீஸ் போன், சொந்தப் போன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, வேலைக்கு வாங்கிய போன் அல்லது வேலைக்குப் பயன்படும் சொந்தப் போன் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஆர்டர் எடுக்கப் போகும் 14 பேருக்கு போன் வாங்க வேண்டும். ஆன்லைன் தள்ளுபடியில் ஒரு மாடல் 6,499 ரூபாய்க்கு வருகிறது. மொத்தமாக எடுத்துவிடலாமா? – பனியன் நிறுவன உரிமையாளர், திருப்பூர்

அந்த மாடல் எந்த வருடம் வெளிவந்தது, அதற்கு எதுவரை செக்யூரிட்டி அப்டேட், அதாவது மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் திருத்தம், வரும் என்று பார்த்தீர்களா? பார்க்காமல் எடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்பு நானும் இப்படித்தான் எங்கள் ஆபீஸுக்கு 5 போன் வாங்கினேன். விலை பாதி, பெட்டி புதுசு. பிரித்து செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பகுதியைத் திறந்தால், கடைசி செக்யூரிட்டி அப்டேட்டின் தேதி ஒன்றரை வருடம் பழையது. அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை. ஐந்தையும் ஒதுக்கிவிட்டுத் திரும்ப வாங்கினேன், பணம் போனது போனதுதான்.

எனக்கு வெகுநாளாக மனதில் கிடக்கும் ஆதங்கம் இது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட எதுவரை சாப்பிடலாம் என்று அச்சடிக்கிறார்கள், ஆனால் போன் பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, எத்தனை மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, இந்தப் போனின் ஓட்டைகளை எந்தத் தேதி வரை அடைப்போம் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் குறைந்தபட்ச அப்டேட் காலத்தைத் தயாரிப்பாளர் வெளியிட்டே ஆக வேண்டும், சட்டமே இருக்கிறது. இங்கே நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் தாங்களாகவே சொல்கின்றன: கூகுள் 2023ல் பிக்சல் 8க்கு 7 ஆண்டு என்றது, சாம்சங் 2024ல் கேலக்ஸி ஏ16 போன்ற விலை குறைந்த மாடலுக்கே 6 ஆண்டு என்றது. இந்தக் கணக்கு மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை. தள்ளுபடிக்கு வரும் பழைய மாடலில் அடிபடுவது இதனால்தான்.

இன்னொன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு, 14 போன் வாங்கும் நிறுவனத்துக்கு அது கிடைப்பது கடினம். அதனால் வாரண்டி விவரத்தை எழுத்தில் வாங்குங்கள், பில் கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும்.

கேள்வி: வேலையை விட்டுப் போன பையன் போனைத் திருப்பிக் கொடுத்தான், பின் நம்பர் சொல்லவில்லை. கடையில் ரீசெட் அடித்தோம். இப்போது அவனுடைய ஜிமெயிலைக் கேட்கிறது. – ஏஜென்சி உரிமையாளர், ஈரோடு

கேட்கத்தான் செய்யும். திருடன் ரீசெட் அடித்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான பூட்டு அது, போனுக்கு நீங்கள் முதலாளி என்பது அதற்குத் தெரியாது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, கோபப்படாமல், ஒருமுறை லாகின் செய்து தரச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் கம்பெனி பெயரில் உள்ள பில்லோடு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேளுங்கள். பில் இல்லையா? அப்போது என்னிடம் பதில் இல்லை.

அடுத்த போனிலாவது ஒழுங்காகச் செய்யுங்கள். பெட்டியைப் பிரித்ததும், யாருடைய ஜிமெயிலும் போடாமல், முதலில் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் கேமரா திறக்கும். எம்டிஎம் (கம்பெனி போன்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும்) மென்பொருள் தரும் க்யூஆரை அதில் காட்டினால் போன் கம்பெனியின் பெயரில் பதிவாகிவிடும், பூட்டுவதும் அழிப்பதும் உங்கள் கையில். சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவு 25 கருவிகள் வரை இதை இலவசமாகவே தருகிறது.

கேள்வி: போன்களுக்கு இலவச ஆன்டிவைரஸ் போட்டால் போதாதா? – சென்னை

போதாது. திரைப் பூட்டு, அப்டேட், ப்ளே ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவ விடாமை, இந்த மூன்றும் முதலில்.

கேள்வி: மருந்து விற்பனைப் பிரதிநிதி நான். என் சொந்தப் போனில் கம்பெனி மெயில் போடச் சொன்னார்கள், 'அனுமதி' என்று வந்ததை அழுத்தினேன். ராஜினாமா செய்த மறுநாள் போன் தானாக முழுவதும் அழிந்துவிட்டது. மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விட்டன. – மதுரை

படித்துவிட்டு வெகுநேரம் மனசு கேட்கவில்லை. நீங்கள் அழுத்தியது அநேகமாக 'டிவைஸ் அட்மின்' அனுமதி. அந்தப் பழைய முறையில் தலைமை அலுவலகத்தில் ஒருவர் 'வைப்' என்று அழுத்தினால் மெயிலோடு மொத்தப் போனும் அழியும். கூகுள் போட்டோஸ் தளத்தில் உள்ளே போய்ப் பாருங்கள், பேக்கப் ஓடியிருந்தால் படங்கள் அங்கே இருக்கும். வாட்ஸப்பில் உறவினர்களுக்கு அனுப்பியவற்றைத் திருப்பிக் கேளுங்கள்.

தவறு உங்களுடையது இல்லை. ஆண்ட்ராய்டில் 2014லேயே, 5.0 பதிப்பில், 'வொர்க் புரொஃபைல்' வந்துவிட்டது. கம்பெனி செயலிகள் சின்ன பெட்டிச் சின்னத்தோடு தனி அறையில் இருக்கும், கம்பெனி அந்த அறையை மட்டும்தான் அழிக்க முடியும், உங்கள் படங்களை அவர்களால் பார்க்கவும் முடியாது. இத்தனை வருடம் கழித்தும் அடுத்தவர் போனை முழுசாக அழிக்கும் முறையை வைத்திருப்பது அந்த நிறுவனத்தின் அலட்சியம். அழித்ததற்கு விளக்கம் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். புது வேலையில் கேட்டால், வொர்க் புரொஃபைல் என்றால் சரி, இல்லையென்றால் கம்பெனி போன் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: பழைய ஐபோன் வாங்கினேன். அழித்துவிட்டுத் திறந்தால் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று ஏதோ கம்பெனி பெயர் வருகிறது. 1,500 கொடுத்தால் எடுத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். – கோவை

போனைத் தூரத்திலிருந்தே கம்பெனி கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. அந்தக் கம்பெனியின் போன், அவர்கள்தான் விடுவிக்க முடியும். 1,500 கொடுக்காதீர்கள், போனைக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள், இன்றே.

கேள்வி: பஸ்ஸில் ஆபீஸ் போன் தொலைந்தது. பெட்டியும் இல்லை, ஐஎம்இஐ எண்ணும் தெரியாது. – திருச்சி

போனில் இருந்த கூகுள் கணக்கில் வேறு கருவியிலிருந்து நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் பகுதியில் பாருங்கள், ஐஎம்இஐ, அதாவது போனுக்கே உரிய அடையாள எண், அங்கே கிடைக்கும். அங்கிருந்தே பூட்டியும் விடுங்கள். போலீஸில் புகார், அப்புறம் டூப்ளிகேட் சிம், அப்புறம் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயைத் தடுக்கும் விண்ணப்பம். இரண்டு சிம் போன் என்றால் எண்ணும் இரண்டு, இரண்டையும் போட வேண்டும். மற்றவர்களின் போன்களில் இன்று மாலைக்குள் *#06# அடித்து எண்களை நோட்டில் எழுதி வையுங்கள்.