மிஸ்ஸியைக் கேளுங்கள்: ரெஞ்சர் அப்பாவுக்கு எந்த இல்லம்?

கேள்வி: அக்கா, என் அப்பா மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படையில் 21 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 78. பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை, கால் வராது. பேச்சும் குளறுகிறது. அம்மா இல்லை, எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு இல்லங்களைப் பார்த்தேன். ஈப்போவில் இருப்பது குளிர்சாதனம், மீன்தொட்டி என்று பளபளக்கிறது. இன்னொன்று எங்கள் ஊரிலேயே, பழைய வீடு. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "இங்கே நர்சிங் ஹோம்களுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள், அங்கும் அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடு" என்கிறான். நான் எதை வைத்து முடிவு செய்வது?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, தம்பி சொல்வது அவன் இருக்கும் நாட்டுக்குச் சரி. அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள நர்சிங் ஹோம்களுக்கு 2008 முதல் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் உண்டு. அதிகாரிகள் சோதனையில் கண்டது, ஊழியர்கள் போதுமா என்பது, உள்ளே இருப்பவர்களின் உடல்நிலை, மூன்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். மாநிலப் படைவீரர் இல்லங்களைப் படைவீரர் துறையும் தனியாகச் சோதிக்கும். மலேசியாவில் நமக்கு அப்படி நட்சத்திரம் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்தான் உண்டு. அதை நின்று படியுங்கள். பராமரிப்பு மையம் என்றால் 1993ஆம் ஆண்டின் 506ஆம் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். நர்சிங் ஹோம் என்றால் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். பலகையில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று இருந்தால் காரணம் கேளுங்கள். அப்பா நிலைக்கு, ராத்திரியில் பயிற்சி பெற்ற தாதி இருக்கிறாரா என்பது பெரிய கேள்வி.

மீன்தொட்டியை விடுங்கள். அது பார்க்க வருகிறவர்களுக்காக வைத்தது. எஸ்டேட்டில் வேலைக்குப் போகும்போது பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டால் கொட்டகையின் கூரையையா பார்த்தோம், ஆயாவைத்தானே பார்த்தோம்?

சொல்லாமல் போங்கள். ஞாயிறு பிற்பகல் நல்ல நேரம், மேலாளர் இருக்கமாட்டார். நேராகக் கடைசி அறைக்குப் போய், பேச முடியாமல் படுத்திருப்பவர் யாரென்று பாருங்கள். வாயுள்ளவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வாயில்லாதவரை எப்படி வைத்திருக்கிறார்களோ, நாளைக்கு உங்கள் அப்பாவையும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். உதடு காய்ந்திருக்கிறதா? தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? அழைப்பு மணி வலப்பக்கம் தொங்கினால் வலது கை வராத மனிதருக்கு அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

படுக்கைப்புண் முதலில் வருவது குதிகாலிலும் முதுகின் அடியிலும். தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். "திருப்புகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். எழுதி வைத்திருக்கும் தாளைக் கேளுங்கள். பகல் ரவுண்டு முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருந்தால் மாலையில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாம். தாதியாக வார்டில் நான் நிறையப் பார்த்த வேலை அது.

சாப்பாட்டு நேரத்திலும் ஒருமுறை போங்கள். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் இருப்பது இறங்கிய பிறகு அடுத்த கரண்டி கொடுக்கிறார்களா, படுத்தபடியே ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். படுக்க வைத்து ஊட்டும் இடம் எனக்கு வேண்டாம். உணவு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. அப்புறம், மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மூத்திர வாடை ஒரு மூலையில் அடித்தால் இப்போதுதான் நடந்த விபத்து. வீடு முழுக்க அடித்தால் ஆள் பற்றாக்குறை.

அப்பா பழைய சிப்பாய் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் பழகியவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். அதைப் புத்தி மந்தம் என்று எண்ணிக்கொள்ளும் ஊழியர்கள் உண்டு. அவர் வயதைப் பார்த்தால் 1989இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியோடு ஹாட்யாய் சமாதான உடன்பாடு கையெழுத்தாவதற்கு முன் காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் போனவராக இருக்கக்கூடும். தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் கை ஓங்குவாரா, தீபாவளிப் பட்டாசுக்கு மிரள்வாரா? தெரிந்ததை எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் "முரட்டு ஆள்" என்று தூக்க மாத்திரையில் போட்டுவிடுவார்கள். இந்தோனேசிய ஊழியரோடு அவருக்கு மலாய் சிரமமிருக்காது. உத்தரவெல்லாம் மலாயில் கேட்டுப் பழகியவர்தானே. மாட்டிறைச்சி வேண்டாமென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், ஊரிலுள்ள வீடு மேலே சொன்னதில் தேறினால் அதற்கே என் ஓட்டு. ஷிப்ட் முடிந்து சீருடையோடு எட்டிப் பார்க்கலாம். மகள் எந்த நேரத்தில் வருவாள் என்று ஊழியருக்குத் தெரியாவிட்டால், அந்த நோயாளியின் டயப்பர் நேரத்துக்கு மாறும்.

காசு விஷயம். மாதக் கட்டணத்தில் டயப்பர், பால் மாவு, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் செலவு அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் எப்போது திரும்பும் என்பதையும் கேளுங்கள். ஓய்வூதியம் வாங்குபவருக்கு அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், அதற்காக இல்லத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு ஜே.எச்.இ.வி. என்ற படைவீரர் விவகார இலாகாவில் விசாரியுங்கள். படைவீரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் இருக்கும் பழைய ஆட்கள் விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவுவார்கள். அப்பாவின் ஓய்வூதிய வங்கி அட்டையை மட்டும் இல்லத்தில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டணத்தை நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள்.