வார்கேமிங் கண்காட்சியில் என்ன வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சின்னச் சின்ன சிப்பாய் பொம்மைகளை வைத்து மேசைமேல் பழைய காலப் போர்களை ஆடும் விளையாட்டில் இப்போதுதான் இறங்கியிருக்கிறேன். நெப்போலியன் காலம்தான் பிடித்திருக்கிறது. முதல் தடவையாக ஒரு வார்கேமிங் கண்காட்சிக்குப் போகப்போகிறேன், கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

பதில்: முதலில் ஒன்றையும் வாங்காதீர்கள். பணப்பையை மதியத்துக்கு மேல் திறந்தால் போதும். லண்டன் எக்ஸெல் அரங்கில் நடக்கும் சல்யூட் மாதிரி பெரிய கண்காட்சி என்றால் ஒரே நாள்தான், நேரம் போய்விடுமே என்ற பதற்றத்தில் உள்ளே நுழைந்த உடனே முதல் வரிசை ஸ்டால்களில் பை நிறைய அள்ளிக்கொண்டு, பிறகு அந்தச் சுமையோடு நாள் முழுக்க நடப்பவர்கள் நிறையப் பேர். காலை நேரத்தை ஆட்ட மேசைகளுக்குக் கொடுங்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. சிலவற்றைப் பார்க்க மட்டும்தான் முடியும், ஒரு கிளப் பல மாதம் உழைத்து ஊரும் ஆறும் கோட்டையுமாகச் செய்து வைத்திருக்கும். மற்றவற்றில் நீங்களே உட்கார்ந்து ஆடலாம், விதிகளைச் சொல்லித்தர ஆள் இருப்பார், தெரியாது என்று சொல்ல வெட்கப்படவே வேண்டாம். அமெரிக்காவில் ஹிஸ்டாரிகான் மாதிரி பல நாள் நடக்கும் இடங்களில் ஆட்டங்களுக்கு முன்பதிவும் செய்யலாம்.

ஆடிப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எந்த அளவு பொம்மை ஒத்துவரும் என்று தெரியும். 28 மி.மீ. என்றால் ஒவ்வொரு சிப்பாயின் முகமும் பொத்தானும் தெரியும், பெயிண்ட் அடிக்க ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு படையை முடிக்க நாள் பிடிக்கும், பெரிய மேசையும் வேண்டும். 6 மி.மீ. பொம்மை தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்கும்போதுதான் நெப்போலியன் காலப் போர்க்களத்தின் பிரமாண்டம் கண்முன் வரும். இரண்டுக்கும் நடுவில் 15 மி.மீ. இதையெல்லாம் திரையில் படம் பார்த்து முடிவு செய்யவே முடியாது, கண்காட்சிக்குப் போவதன் முதல் லாபம் இதுதான்.

இன்னொன்று, உங்களோடு ஆடப்போகிறவர்கள் எந்த அளவில், எந்த விதிகளில் ஆடுகிறார்கள் என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லாரும் 15 மி.மீ. வைத்திருக்க நீங்கள் மட்டும் 28 மி.மீ. படையோடு போய் நின்றால் எதிரே ஆள் இல்லை. பேஸ், அதாவது பொம்மையை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டு, அதன் அளவும் அப்படித்தான். காலாட்படையை ஒவ்வொருவராக வட்ட பேஸில் ஒட்டுவதா, நாலு பேராகச் சதுர பேஸில் ஒட்டுவதா என்பதை விதிப்புத்தகம்தான் சொல்லும், ஒட்டிய பிறகு பிய்த்து மாற்றுவது பெரிய வேதனை.

படை சேர்ப்பதற்கே பயமாக இருந்தால் ஒரு வழி: பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான டிபிஏ விதிகளில் ஒரு பக்கத்துக்கு 12 பேஸ்தான். 50 பொம்மைக்குள் முழுப் படையும் முடிந்துவிடும். நெப்போலியனை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: பெட்டியில் 28 மி.மீ. என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் இரண்டு கம்பெனி பொம்மைகளைப் பக்கத்தில் வைத்தால் ஒருவர் அண்ணன் மாதிரியும் இன்னொருவர் தம்பி மாதிரியும் இருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று இல்லை, பொதுவான அளவுகோல் இல்லை. சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. அதற்கு மேல் உடல்வாகு வேறு. பெரி மினியேச்சர்ஸ் பொம்மைகள் நிஜ மனித உடலுக்கு நெருக்கமாக, ஒல்லியாக இருக்கும், வேறு சிலருடையது தலையும் கையும் பெருத்துத் தடியாக இருக்கும். 15 மி.மீ. என்று விற்பதிலும் பல 18 மி.மீ. பக்கம் வந்துவிட்டன. நீங்கள் ஏற்கெனவே முடித்த ஒரு பொம்மையைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், ஸ்டாலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சின்ன நிறுவனங்களில் பொம்மையைச் செதுக்கியவரே மேசைக்குப் பின்னால் நிற்பதும் உண்டு, எந்தக் கம்பெனியோடு ஒத்துப்போகும் என்று அவரிடமே கேட்டுவிடலாம். ஒரே படைப்பிரிவுக்குள் கலக்காமல், ஒரு பிரிவு ஒரு கம்பெனி, அடுத்த பிரிவு வேறு கம்பெனி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணில் அவ்வளவாகப் படாது.

கேள்வி: பிளாஸ்டிக்கா, உலோகமா, ரெசினா?

பதில்: நெப்போலியன் காலாட்படைக்குக் கெட்டி பிளாஸ்டிக். ஒரு பெட்டியில் 30, 40 பேர்கூட வரும், தலைக்கணக்கில் பார்த்தால் மலிவு, ஆனால் பலவற்றில் கை, தலை, துப்பாக்கி எல்லாம் நீங்கள்தான் ஒட்ட வேண்டும். உலோகம் பெரும்பாலும் ஒரே வார்ப்பு, ஒட்டும் வேலை குறைவு, தளபதி, அபூர்வமான படைப்பிரிவு எல்லாம் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும். பசை மாறக்கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் உலோகத்தில் ஒட்டாது, அதற்கு சூப்பர் க்ளூ. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்காக, விற்கும் வளையும் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் உரிந்து வரும், கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாலே தெரியும்.

வீட்டு 3டி பிரிண்டரில் அடித்த ரெசின் பொம்மை வாங்கினால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வாடை அடித்தாலோ சரியாகக் காயவில்லை, வேண்டாம். ஈட்டி, வாள் நுனி பொட்டென்று உடையும். வடிவமைத்தவரிடம் விற்பனை உரிமம் வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள், நேர்மையாக விற்பவர் தயங்காமல் சொல்வார். ரெசின் பொம்மையைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

கேள்வி: வந்தவர்கள் தங்கள் பழைய பொம்மைகளை விற்கக் கொண்டுவந்து வைக்கும் பிரிங் அண்ட் பை மேசையில் பெயிண்ட் அடித்த படைகளே மலிவாகக் கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும், கூட்டமும் அங்கேதான். பொதுவாக கண்காட்சி நடத்தும் கிளப் இடையில் நின்று விற்றுக்கொடுத்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், பொருளுக்குப் பொறுப்பு அது அல்ல. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும். பெயிண்டுக்கு அடியிலிருந்து சாம்பலாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் ஈயம் அரிக்கத் தொடங்கிவிட்டது, அந்தப் பொடி நச்சு, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். உடைந்த துப்பாக்கி, வளைந்த ஈட்டி பரவாயில்லை, பேஸ் அளவு உங்கள் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: பிரிட்டனில் ஒரு கண்காட்சியில் வாங்கிய பெட்டியை வீட்டுக்கு வந்து பிரித்தால் பொம்மைப் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டகம் ஒன்றே இல்லை. இன்னொரு பெட்டி சும்மா ஆசையில் வாங்கியது, அதையும் திருப்பிக் கொடுக்கலாமா? 14 நாள் உரிமை உண்டு என்கிறார்களே.

பதில்: இரண்டும் வேறு வேறு. பாகம் குறைந்த பெட்டி குறையுள்ள பொருள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ஆனால் முதலில் படத்தோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், இந்தத் துறையில் விடுபட்ட சட்டகத்தையும் சரியாக வார்க்காத பொம்மையையும் மறுபேச்சில்லாமல் அனுப்பிவைப்பவர்கள் நிறையப் பேர்.

மனம் மாறியதற்கான 14 நாள் என்பது இணையத்திலும் தொலைபேசியிலும் வாங்குவதற்கும், கடைக்கு வெளியே நடக்கும் விற்பனைக்கும் உள்ளது. கண்காட்சி ஸ்டால் கடைக்கு வெளியேதானே என்று வாதிடலாம். பெர்லினில் ஒரு கண்காட்சியில் வாங்கிய வாக்குவம் கிளீனர் தொடர்பாக இதே கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. விற்பனை நடக்கும் இடம் என்று சாதாரண வாடிக்கையாளருக்கே புரியும்படி இருந்தால் அந்த ஸ்டாலும் கடைதான் என்று 2018இல் சொல்லிவிட்டார்கள். வரிசையாகப் பெட்டி அடுக்கி விற்கும் வார்கேமிங் ஸ்டாலைப் பார்த்து யாரும் வேறு மாதிரி நினைக்க முடியாது. ஆகவே ஆசைக்கு வாங்கிய பெட்டி உங்களுடையதுதான், கடைக்காரர் மனம் வைத்தால் மாற்றித் தருவார்.

வேண்டியது தெரிந்துவிட்டால் இணையத்திலேயே பணம் கட்டி முன்பதிவு செய்து, கண்காட்சியில் வாங்கிக்கொள்ளுங்கள். தபால் செலவு மிச்சம், தீர்ந்துபோகும் என்ற பயமும் இல்லை, இணையத்தில் முடித்த விற்பனை என்பதால் அந்த 14 நாளும் கிடைக்கும். முன்பதிவைச் சில நாள் முன்பே மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விமானத்தில் திரும்ப வேண்டும். எதை எடுத்துவரக் கூடாது?

பதில்: பெயிண்டுக்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே பிரைமர் வாங்கவே வேண்டாம், கைப்பையிலும் சரி, விமானத்தில் ஏற்றக் கொடுக்கும் பெட்டியிலும் சரி, விடமாட்டார்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் பிரச்சினை இல்லை, பெட்டியில் போடுங்கள். உலோகப் பொம்மை எடை ஏறும், அதைக் கணக்கில் வையுங்கள். பெயிண்ட் அடித்த படையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பேஸுக்கு அடியில் காந்தத் தாள் ஒட்டி தகர டப்பாவில் நிறுத்தினால் ஆடாமல் வரும்.