மகன் லாரி சேஸிஸ் நீட்டும் வேலைக்குப் போகலாமா?

ஐயா, மகன் கனரக லாரிகளின் சேஸிஸை, அதாவது லாரியைத் தாங்கும் அடிச்சட்டத்தை, நீட்டும் பட்டறையில் சேரத் துடிக்கிறான் என்றும், ‘படிக்க வைத்தது வெட்டி ஒட்டவா?’ என்று வீட்டில் சண்டை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலையில் வெட்டுவதும் ஒட்டுவதும் பாதிகூட இல்லை.

பல கனரக லாரிகளின் சட்டங்கள் சூடேற்றிப் பதப்படுத்திய உயர்வலிமை எஃகால் ஆனவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டுவிடும். அதனால்தான் இணைப்பின் மேல் வலுவூட்டும் சட்டம் ஒன்றை வைத்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். போல்ட் துளையை மேல், கீழ் ஃபிளேஞ்சில், அதாவது சட்டத்தின் மேலும் கீழும் உள்ள தட்டையான பட்டைகளில், போடவே கூடாது. பாரத்தால் சட்டம் வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அங்கேதான். நடுச்சுவரில்தான் துளைக்க வேண்டும். நேர்குத்தாக வெட்டாமல் 45 டிகிரி சாய்வாக வெட்டுகிறவர்கள் உண்டு; வெல்டிங் முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் விழக்கூடாது என்பதற்காக.

சட்டம் நீண்டால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் நீள வேண்டும். தண்டின் நீளத்தை இருமடங்காக்கினால் அது அதிர்ந்து துள்ளத் தொடங்கும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே இரண்டு துண்டாக்கி, நடுவில் பேரிங் வைத்து, ஜாயின்ட் கோணங்களையும் சரிபார்க்க வேண்டும். பிரேக் காற்றுக்குழாய், ஒயரிங் எல்லாம் அதற்குப் பிறகு.

இதனால், கணக்கைக் கண்டு ஒதுங்கும் பிள்ளையை இந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் மகனுக்குக் கணக்கு வரும் என்கிறீர்கள், நல்லது. முதலில் முறையான வெல்டிங் பயிற்சியும் சான்றிதழும். பிறகு வேலை செய்துகொண்டே ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ. பொருள் வலிமையியல் பாடத்தை மட்டும் ஒப்பேற்றிவிடாமல் ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள். பிற்காலத்தில் வரைபடம் போட்டுக் கையெழுத்திடுபவனாக உயர்த்துவது அதுதான்.

சேர்வதற்கு முன் அவனோடு நீங்களும் ஒருநாள் பட்டறைக்குப் போய் உட்காருங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார்களா, சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். லாரி உற்பத்தியாளரின் கையேடு இருக்கிறதா, குறைந்த ஹைட்ரஜன் வெல்டிங் ராடுகளை ஈரம் படாமல் எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் வேறு பட்டறை பாருங்கள்.