மாமா மெச்சிய நாவல் எனக்குப் பிடிக்கவில்லையே!

கேள்வி: அம்மா, நான் பர்மாவில், பெகு ஊரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். கோயில் வகுப்பில் எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது என் மாமாதான். அண்மையில் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலையும், அமிதவ் கோஷின் 'தி கிளாஸ் பேலஸ்' நாவலை ஆங்கிலத்திலும் படித்தேன். மனதில் பட்டதை நோட்டில் எழுதி மாமாவிடம் காட்டினேன். "பெரியவங்க எழுதினதைக் குறை சொல்ற அளவுக்கு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். 'புத்தம் வீடு' நாயகி லிஸியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டேன். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் எழுதியது தப்பா?
– வாசகி, பெகு

பதில்: அன்புள்ள மகளுக்கு,

தப்பே இல்லை. நீ அடித்த வரியும் படிக்கிற மாதிரிதான் இருக்கிறது: "இந்த லிஸி ஏன் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறாள்? எரிச்சலாக வருகிறது." 1964-ல் வெளிவந்த நாவல். அதில் வரும் ஒரு பெண்ணுக்காக இன்றைக்கு உனக்குக் கோபம் வருகிறது. இதை ஏன் அடித்தாய்?

ஆனால் எரிச்சல் யார் மேல் என்று நீ எழுதவில்லை. லிஸி மேலா, வீட்டார் மேலா, எழுதியவர் மேலா? வயதுக்கு வந்ததும் அவள் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துவிடுகிறார்கள். பனைவிளை உள்ள பழைய குடும்பம் அது. அவள் மனமோ பனையேறியின் மகன் மேல் போகிறது. அந்த வீட்டில் அவள் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். லிஸி பேசாமல் இருப்பது கதையின் குறை ஆகாது. ஏன் பேசவில்லை என்பதை ஆசிரியர் நமக்கு உணர்த்தாமல் விட்டிருந்தால்தான் குறை. என்னைக் கேட்டால், நன்றாகவே உணர்த்தியிருக்கிறார். முடிவுதான் கொஞ்சம் அவசரம் என்று எனக்குப் படும். உனக்கு வேறு மாதிரி பட்டால், எந்தப் பக்கத்தில் அப்படிப் பட்டது என்று குறித்து வை. அப்புறம் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

கோஷின் நாவலைப் பற்றி, "ஆள் ஆளாகச் செத்துப்போகிறார்கள், அழக்கூட நேரமில்லை" என்று எழுதியிருக்கிறாய். பிற்பாதிக்கு இது பொருந்தும். 1885-ல் மாந்தளை அரண்மனை கொள்ளை போவதும், பர்மாவின் கடைசி மன்னர் தீபாவையும் ராணியையும் நாடுகடத்தக் கொண்டுபோவதும் எவ்வளவு நிதானமாக வருகின்றன! கதை மலாயா, இந்தியா என்று பரவியபின் அந்த நிதானம் போய்விடுகிறது.

1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது ஜனங்கள் நடந்தே இந்தியாவுக்குப் போன பகுதியை மட்டும் ஒரே வரியில் தாண்டிவிட்டாய்: "எங்கள் கொள்ளுப்பாட்டி கதை வேறு மாதிரி." உன் நோட்டிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வரிதான். எப்படி வேறு மாதிரி? பாதி வழியில் திரும்பி வந்தார்களா? போகவே இல்லையா? நாவலில் நடப்பவர்கள் தேக்கு வியாபாரம் செய்து வாழ்ந்த குடும்பம். கூலி வேலை பார்த்தவர்கள் வீட்டில் சொல்லப்படும் கதை வேறாகத்தான் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு எழுது. அதோடு வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயண'த்தையும் படி. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்தியவர். மனைவியோடு அந்த வழியில் நடந்தே போனவர். கோஷ் எங்கே அவசரப்பட்டார், எங்கே சரியாகச் சொன்னார் என்று ஒப்பிட அது உதவும்.

மாமா மேல் வருத்தம் வேண்டாம். 1960-களில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, இங்கே தமிழைக் காப்பாற்றியது கோயில் வகுப்பும் அவரைப் போன்றவர்களும்தான். தமிழ்ப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்த ஊரில், அதைக் குறை சொன்னால் அவருக்கு மனசு கேட்காது. நீ வாதாடப் போகாதே. 'புத்தம் வீட்டில்' அவருக்குப் பிடித்த இடத்தை வாசித்துக் காட்டச் சொல். அவர் வாசித்து முடித்ததும் உன் இடத்தை நீ வாசி.

ஹெப்சிபாவின் இளமைக்காலம் பர்மாவில் கழிந்தது. நம் பர்மாவை வைத்து அவர் எழுதிய நாவல் 'மா-னீ'. மாமாவிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். இல்லையென்றால் எழுது, நான் தேடி அனுப்புகிறேன்.